பழைய வீட்டுத் துணியில் பை தைத்தால் கைப்பிடி ஏன் பிய்கிறது, அடி ஏன் தொங்குகிறது?

பழைய பொருள்கள் விற்கும் கடையில் வாங்கிய இரண்டு திரைச்சீலைகள், வீட்டில் ஒதுக்கிய படுக்கை விரிப்பு, முழங்கால் கிழிந்த ஜீன்ஸ் ஆகியவற்றைக் கொண்டு இரண்டு பைகள் தைத்ததாகச் சொல்கிறீர்கள். நான்கு மாதங்களுக்குள் ஒன்றில் கைப்பிடி துணியோடு பிய்ந்து வந்துவிட்டது. மற்றொன்றின் அடிப்பகுதி தொங்கி உருக்குலைந்துவிட்டது. இது துணியின் குறையா, தையலின் குறையா, பேசாமல் புதிய கேன்வாஸ் வாங்கித் தைத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. கேன்வாஸ் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். தையல் பிரியாமல் துணிதான் பிய்ந்திருக்கிறது என்பதால் உங்கள் தையலில் பெரிய குறை இல்லை. துணி முழுவதும் வீணானது என்றும் சொல்ல முடியாது. உழைத்துத் தேய்ந்த ஒரு பகுதி, பையில் எடை தாங்கும் இடத்துக்குப் போய் அமர்ந்துவிட்டது. புதுத் துணியில் எந்த இடத்தை வெட்டினாலும் ஏறக்குறைய ஒரே பலம் இருக்கும். பழைய துணியில், ஒரே விரிப்பின் நடுவுக்கு ஒரு வயது, ஓரத்துக்கு ஒரு வயது. அந்த வேறுபாட்டைப் பார்த்து வெட்டப் பழகிவிட்டால், கடைப் பையைவிட நெடுநாள் உழைக்கும் பையை உங்கள் சாதாரண வீட்டுத் தையல் எந்திரத்திலேயே தைக்க முடியும்.

புதுத் துணி வேண்டாம் என்பதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதுப் பருத்தியில் செய்த ஒரு பை, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமடைதலைக் குறைவாகத் தூண்ட வேண்டுமானால், அதை 131 முறையாவது எடுத்துச் செல்ல வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட கணக்கில், காலநிலையை மட்டும் பார்த்தால் 52 முறை என்றும், ஓசோன் படலத்துக்கு நேரும் பாதிப்பு உட்பட எல்லா வகைப் பாதிப்புகளையும் பார்த்தால் 7,100 முறை என்றும் வந்தது. துணிப்பையே வீண் என்று வாதிடுவோர் இந்த எண்களை எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அவற்றின் பெரும்பகுதி பருத்தியை விளைவித்து, நூற்று, நெய்து, சாயமேற்றிய வேலையின் சுமை. பத்து ஆண்டுகள் சன்னலில் தொங்கிய திரைச்சீலைக்கு அந்தச் சுமை ஏற்கெனவே கழிந்துவிட்டது. அதை வெட்டிப் பை தைக்கும்போது புதிதாகச் சேர்வது நூலும், கொஞ்சம் மின்சாரமும், உங்கள் உழைப்புமே. நான்கு மாதங்களில் பிய்ந்துபோகும் பைக்காக அவற்றைச் செலவிடலாகாது என்பதால்தான், பழைய துணியில் தைப்பவர் நீடித்து உழைப்பதைப் பற்றி மற்றவரைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கத்தரியை எடுப்பதற்கு முன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே முழுவதுமாக விரித்துப் பிடியுங்கள். நல்ல பகுதி சீராகத் தெரியும். தேய்ந்த பகுதியில் வெளிச்சம் கூடுதலாகக் கசியும், சில இடங்களில் நூல்கள் விலகி வலைபோல் தெரியும். அந்த எல்லைகளைச் சோப்புத் துண்டாலோ சாக்பீஸாலோ துணியின் மேலேயே வரைந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு கைகளின் கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து, துணியைப் பாவு வாட்டத்திலும் (நீளவாக்கில் ஓடும் நூலின் திசை) ஊடை வாட்டத்திலும் (குறுக்கே ஓடும் நூலின் திசை) தனித்தனியாகச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். நலமான பருத்தி விறைத்து நிற்கும். உள்ளே நலிந்த துணியிலிருந்து மெல்லிய ‘சர்’ என்ற ஓசை வரும், அல்லது கிழிந்தேவிடும். கிழிவதைக் கண்டு வருந்த வேண்டாம். தைத்து முடித்த பிறகு நடுத்தெருவில் கிழிவதைவிட இப்போதே கிழிவது நல்லது. இழுத்துப் பார்க்காத எந்தப் பழைய துணியையும் எடை தாங்கும் இடத்தில் வைக்கக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன்.

இந்த விதியை எனக்குக் கற்பித்தது ஒரு திரைச்சீலைதான். அடர்த்தியான நெசவு, மங்காத பூ வேலைப்பாடு, தொட்டுப் பார்த்தால் கனம். அதில் தைத்த பை மூன்றாம் வாரத்தில், தையல் சிறிதும் விடாமல் இருக்க, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாகக் கிழிந்தது. வெயில் படும் துணிக்கு நேர்வது இதுதான். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கின்றன. நிறம் மங்காமலேகூடப் பலம் போய்விடும். பட்டும் நைலானும் இந்த வகையில் இன்னும் மென்மையானவை. அக்ரிலிக் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பாலியெஸ்டர் பருத்தியையும் நைலானையும்விடத் தேவலை. திரைச்சீலையில் வெயில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதுமில்லை. மடிப்பு மடிப்பாகத் தொங்கும்போது கண்ணாடிப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மடிப்பு முகடுகள்தான் அதிகம் வெந்துபோகும், அவற்றுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் தப்பித்துவிடும். என் பை நேர்க்கோடாகக் கிழிந்ததற்கும் அதுவே காரணம். ஆகவே திரைச்சீலையில் நெடுக்குக் கோடுகளாக மங்கல் தெரிகிறதா என்று பாருங்கள். மேலே வளையம் கோக்கும் பட்டையின் உள்மடிப்பும் கீழே மடித்துத் தைத்த அகலமான ஓரமும் பெரும்பாலும் புதுத் துணிபோலவே இருக்கும். அந்த ஓரத்தைப் பிரித்து எடுத்துக் கைப்பிடிக்கென்று தனியே வையுங்கள். உள்துணி வைத்துத் தைத்த திரைச்சீலை கிடைத்தால் அதை விடாதீர்கள்; வெயிலை உள்துணி வாங்கிக்கொண்டு வெளித்துணியைக் காத்திருக்கும்.

படுக்கை விரிப்பு நடுவில்தான் தேயும். உடல் புரளும் பகுதி மெலிந்திருக்க, கட்டிலின் பக்கங்களில் தொங்கிய ஓரங்களும் மெத்தைக்கு அடியில் செருகிய பகுதியும் நன்றாக இருக்கும். விரிப்புத் துணியின் எடை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 110 முதல் 150 கிராம் என்பதால், தனியாக நின்று பையின் உடலாகும் தகுதி அதற்கு இல்லை. உள்துணியாகவும் நடுப்படலமாகவும் அது மிகச் சிறப்பாக உழைக்கும். ஜீன்ஸ் துணி இதற்கு நேர் எதிர். சதுர கெஜத்துக்கு 12 முதல் 14 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 முதல் 475 கிராம் எடையுள்ள சாய்வரி நெசவு அது. முழங்காலும், உட்காரும் இடமும், தொடைகளின் உட்புறமும் தேய்ந்துபோயிருக்கும். முழங்காலுக்குக் கீழே காலின் பின்பகுதியைப் பாருங்கள்; பத்து ஆண்டு உழைத்த ஜீன்ஸிலும் அந்த இடம் உறுதியாகவே இருக்கும். இடுப்புப் பட்டையும், இரட்டைத் தையலிட்ட பக்கவாட்டு ஓரங்களும், பின்பைகளும் ஆயத்தமாகத் தைத்துக் கொடுக்கப்பட்ட உறுப்புகள். அவற்றைப் பிரிக்காமல் அப்படியே வெட்டி எடுங்கள். இலாஸ்டேன் கலந்த நீட்சி ஜீன்ஸ் மட்டும் கைப்பிடிக்கு ஆகாது, நாளாக நாளாக நீண்டுகொண்டே போகும்.

சோபாவிலிருந்து உரித்த துணி கனமானது, அழகானது, பலரும் அதையே முதலில் தேடுகிறார்கள். அதன் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். பின்புறத்தில் ரப்பர் பூச்சு இருந்து அது பொடியாக உதிர்ந்தால் அந்தத் துணியை எடுக்காதீர்கள். எத்தனை முறை துவைத்தாலும் உதிர்வது நிற்காது. இருட்டடிப்புத் திரைச்சீலைகளின் பூச்சுக்கும் இதே சோதனைதான். பூச்சு நலமாக இருந்தால் நல்ல துணிதான், ஆனால் அதில் குண்டூசி குத்திய துளை மறையாது என்பதால் கிளிப்புகளால்தான் பிடிக்க வேண்டும். டி-சட்டை போன்ற பின்னல் துணிகள் எடையில் நீளும். சிறு உள்பைகளுக்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம். மேசை விரிப்பில் நடுவிலும் விளிம்பிலும் கறை இருக்கும், மற்றபடி நல்ல துணி. கம்பளிப் போர்வையும் பழைய துண்டும் உள்ளே பஞ்சுபோல் வைக்க உதவும். கிழிந்த குடையின் நைலான் துணி ஈரம் தாங்கும் உள்துணியாகும். வெயிலில் அதிகம் காய்ந்ததா என்று மட்டும் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கடையிலிருந்து வரும் துணி எதுவாயினும் வீட்டுக்குள் விரிப்பதற்கு முன் சுத்தம் செய்யப்பட வேண்டும். மூட்டைப்பூச்சி ஐயம் இருந்தால், துணி தாங்குமானால், உலர்த்தும் எந்திரத்தில் அதிக வெப்பத்தில் 30 நிமிடம் ஓட்டுவது நல்லது. எந்திரம் இல்லாதவர்கள் பையில் கட்டி −18 டிகிரி உறைபெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். பிறகு, தைத்த பையை எந்தச் சூட்டில் துவைக்கப் போகிறீர்களோ அதே சூட்டில் துணியைத் துவையுங்கள். உடுத்திய துணி சுருங்கி முடித்திருக்கும். திரைச்சீலை வாழ்நாளில் ஒருமுறைகூட நனைந்திராமல் இருக்கலாம். சாயம் விடுமா என்று அறிய, ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தத் துணியை வெளிர் நிறத் துணியோடு சேர்க்காதீர்கள். வினிகரிலோ உப்பிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். கடையில் வாங்கிய பருத்தித் துணியின் சாயத்தை அவை நிறுத்துவதில்லை.

துணி என்ன இழை என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து சில நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் மணத்தோடு எரியும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். இஸ்திரிச் சூட்டை எவ்வளவு வைக்கலாம் என்பதை இது சொல்லிவிடும்.

இனி வெட்டும் வாட்டம். கரை, அதாவது நெய்யும்போதே அமைந்த பிரியாத ஓரம், இருக்கும் புதுத் துணியில் அதற்கு இணையாக ஓடுவது பாவு என்று உடனே தெரியும். பழைய துணியில் கரை போயிருக்கும், ஆனால் கை கண்டுபிடித்துவிடும். குறைவாக நீளும் திசை பாவு, சற்றே கூடுதலாக நீளும் திசை ஊடை, ரப்பர்போல் இழுபடுவது மூலைவாட்டு. கைப்பிடியை எப்போதும் பாவு வாட்டத்தில் வெட்டுங்கள். பையின் உடலிலும் பாவு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். பூ நேராக வர வேண்டும் என்பதற்காகத் துணியைச் சாய்த்து வெட்டினால் பை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். அழகுக்கும் வாட்டத்துக்கும் மோதல் வந்தால் வாட்டத்தின் பக்கமே நில்லுங்கள்.

உங்கள் கைப்பிடி பிய்ந்த கதைக்கு வருகிறேன். 10 கிலோ பொருளை இரண்டு கைப்பிடிகள் உள்ள பையில் தூக்கினால், நான்கு இணைப்புகளுக்கும் தலைக்கு இரண்டரைக் கிலோ என்றுதான் கணக்கு சொல்லும். நடக்கும்போது பை ஊசலாடுகிறது, படியேறும்போது குலுங்குகிறது, ஒரு கைப்பிடி தோளிலிருந்து நழுவினால் மற்றொன்று முழுச் சுமையையும் ஏற்கிறது. அப்போது ஓர் இணைப்பில் விழும் இழுவை அந்த இரண்டரைக் கிலோவின் பல மடங்காகிவிடும். இந்த இழுவை முழுவதையும் 3 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிய ஒரு தையல் கட்டம் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கட்டத்துக்குள் பெருக்கல் குறியிட்டுத் தைப்பது நல்ல வழக்கம்தான், அது தையலைக் காக்கும். தையலுக்கு வெளியே இருக்கும் துணியைக் காப்பாற்ற அதனால் முடியாது. உங்கள் பையில் பிய்ந்தது அந்தத் துணியே.

பலரும் இதற்கு மருந்தாகப் பின்புறம் கெட்டியான ஒட்டுத்துணி ஒன்றை வைக்கிறார்கள். நோக்கம் சரி, அளவுதான் தவறு. மெலிந்த துணியின் மேல் கைப்பிடி அளவுக்கே ஒரு கெட்டித் துண்டை வைத்துத் தைத்தால், விறைப்பான பகுதி திடீரென முடியும் அந்த விளிம்பில் இழுவை முழுவதும் குவிகிறது. பழைய துணி அங்கே கிழிகிறது. ஒட்டு பெரியதாக இருக்க வேண்டும், அதன் விளிம்பு படிப்படியாக மெலிய வேண்டும். நான் செய்வது இப்படி: கைப்பிடி இணையும் இடத்துக்குப் பின்னால் படுக்கை விரிப்பின் நல்ல பகுதியிலிருந்து வெட்டிய 12 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றையும், அதன் மேல் 8 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றையும் பரப்பி, இரண்டையும் தளர்வான இணைகோட்டுத் தையல்களால் வெளித்துணியோடு சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகே கைப்பிடியைத் தைப்பேன். இன்னும் எளிய வழி, பையின் வாய்ப்பகுதி முழுவதையும் சுற்றி 7 அல்லது 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஜீன்ஸ் பட்டை ஒன்றை உட்புறம் கொடுத்து, கைப்பிடியை அந்தப் பட்டையில் கோத்துத் தைப்பது.

மிகச் சிறந்த வழி வேறொன்று இருக்கிறது. கைப்பிடியைப் பையின் வாயோடு நிறுத்தாமல், உடல் வழியாகக் கீழே இறக்கி, அடியைக் கடந்து மறுபக்கம் ஏற்றி, ஒரே வளையமாக முடித்துவிடுங்கள். 1944இல் அமெரிக்காவில் பனிக்கட்டி சுமப்பதற்கென எல்.எல்.பீன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கனமான கேன்வாஸ் பையிலும் கைப்பிடி நாடா உடல் வழியே கீழே இறங்குகிறது. இப்படித் தைக்கும்போது பொருளின் எடையை நாடா அடியிலிருந்தே ஏந்துகிறது. பழைய துணிக்குப் பொருள் பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. மெலிந்த, ஆனால் மனத்துக்குப் பிடித்த துணி ஒன்றைப் பையாக்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியவில்லை. 36 சென்டிமீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பைக்கு, தோளில் மாட்டும் 65 சென்டிமீட்டர் கைப்பிடிகள் இரண்டு 130, உடலில் நான்கு ஓட்டங்கள் 144, அடியில் இரண்டு கடப்புகள் 20 என மொத்தம் 294, அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் நாடா வேண்டும். ஒரு ஜீன்ஸ் கால் அவ்வளவு நீளம் வராது, ஆகவே மூன்று நான்கு பட்டைகளை இணைக்க நேரும். இணைப்புகளைச் சாய்கோட்டில் தைத்து, அவை பையின் உடலிலோ அடியிலோ விழுமாறு அமையுங்கள். கையில் பிடிக்கும் பகுதியில் இணைப்பு வரக் கூடாது.

நாடாவின் அகலம் 3 முதல் 4 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதைவிடக் குறுகினால் தோளை அறுக்கும். விரிப்புத் துணியில் என்றால் 12 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மீண்டும் ஒருமுறை மடித்தால் நான்கு அடுக்கில் 3 சென்டிமீட்டர் நாடா கிடைக்கும். ஜீன்ஸ் துணியில் நான்கு அடுக்கு மடிக்காதீர்கள், எந்திரம் திணறும். 5 சென்டிமீட்டர் பட்டையின் ஓரங்களை ஒவ்வொரு சென்டிமீட்டர் உள்ளே மடித்து, பின்புறம் விரிப்புத் துணிப் பட்டை ஒன்றைக் கொடுத்துத் தைத்தால் போதும்.

அடி தொங்கியதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். அடியில் குறுக்குத் தையல் ஒன்றே எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அல்லது பக்கங்களை மட்டும் தைத்துத் தட்டையாக விட்டதால், பொருள் வைத்ததும் துணி தானே அடியை உருவாக்கிக்கொள்ள முயன்று இழுபட்டிருக்கலாம். அடியில் தையலே வராதபடி ஒரே துண்டாக வெட்டி மடிப்பதும், மூலைகளைப் பெட்டிபோல் கட்டுவதும் இரண்டையும் தீர்க்கும். கணக்கு எளியது. முடித்த பையின் முகம் 36 சென்டிமீட்டர் அகலம், 36 உயரம், ஆழம் 10 என்று வைத்துக்கொண்டால், துண்டின் அகலம் 36, அதோடு ஆழத்துக்கு 10, இருபுறமும் தையலுக்கு ஒவ்வொரு சென்டிமீட்டர் என 48 ஆகும். நீளம் இரு முகங்களுக்கு 72, அடிக்கு 10, வாயில் மடித்துத் தைக்க இருபுறமும் நான்கு நான்கு என 90 ஆகும். நடுவில் மடித்துப் பக்கங்களைத் தைத்த பிறகு, கீழ் மூலை ஒவ்வொன்றையும் பக்கத் தையலும் அடி மடிப்புக்கோடும் ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு முக்கோணமாக விரித்து, குறுக்கே 10 சென்டிமீட்டர் நீளம் வரும் இடத்தில் கோடு போட்டுத் தையுங்கள். முக்கோணத்தை வெட்டி எறியாமல் அடியை நோக்கி மடித்துத் தைத்துவிட்டால் அதுவே கூடுதல் வலுவாகும். வெளியே நாடா வளையம் வைப்பதானால், துண்டு தட்டையாக இருக்கும்போதே, பக்கங்களைத் தைப்பதற்கு முன்பே, அதைத் தைத்துவிட வேண்டும்.

விறைப்புக்காக இஸ்திரியில் ஒட்டும் பக்ரம் மீட்டர் கணக்கில் வாங்குவதை நான் விரும்புவதில்லை. பழைய துணியில் மிஞ்சியிருக்கும் மென்மையூட்டியும் பூச்சும் ஒட்டுப்பசையைப் பிடிக்க விடாமல் செய்து, சில துவைப்புகளில் கொப்புளங்களாக எழும்பச் செய்யும். விரிப்புத் துணியை வெளித்துணியின் அதே வாட்டத்தில் வெட்டி, இரண்டையும் சேர்த்து 3 சென்டிமீட்டர் இடைவெளியில் இணைகோடுகளாகத் தைத்துப் பாருங்கள். இரு துணிகளும் ஒன்றாகிப் பை தானே நிற்கும். வங்காளத்தின் காந்தா வேலையில் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, நெருக்கமான ஓட்டுத் தையலால் போர்வையாக்கினார்கள். ஜப்பானியக் கிராமங்களில் போரோ என்ற பெயரில் ஒட்டுமேல் ஒட்டு வைத்து, சாஷிகோ என்ற ஓட்டுத் தையலால் பிணைத்தார்கள். தனித்தனியே கிழியும் துணிகள், பல இடங்களில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் இழுவையைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்களிடம் இருக்கும் விரிப்பின் மெலிந்த நடுப்பகுதியையும் இப்படி மூன்று அடுக்காக்கினால் வீணாகாது. கையாலும் செய்யலாம், மாலை நேரத்தில் அமர்ந்து செய்வதற்கு இதமான வேலை அது.

எந்திரத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை, ஊசியைப் பற்றிக் கவலைப்படுவேன். விரிப்புத் துணிக்கு 80, திரைச்சீலைக்கு 90, ஜீன்ஸுக்கு 100, பல அடுக்குச் சந்திப்புகளுக்கு 110 எண் ஊசி. எட்டு மணி நேரம் தைத்த ஊசியை மாற்றிவிடுங்கள். முனை மழுங்கிய ஊசி பழைய இழைகளை விலக்காமல் அறுக்கும். தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பலமாக இருக்கட்டும் என்று நெருக்கித் தைப்பவர்கள், தபால்தலைத் தாளில் துளையிடுவதுபோல் துணியில் கிழிகோடு போட்டுவிடுகிறார்கள். முன்னும் பின்னும் மூன்று நான்கு முறை ஓட்டிக் கெட்டிப்படுத்துவதும் அப்படியே. நூல் மட்டும் புதிதாக இருக்கட்டும், பாலியெஸ்டராக இருக்கட்டும். பழைய பெட்டியில் கிடந்த பருத்தி நூல் கையால் இழுத்தாலே அறுந்துபோகும். தடித்த சந்திப்பில் எந்திரத்தின் பாதம் மேட்டில் ஏறிச் சாய்ந்து தையல் தவறினால், பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் அதே உயரத்துக்கு மடித்த துணித்துண்டு ஒன்றைச் செருகிச் சமமாக்குங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சந்திப்பை மரச்சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிக்கொண்டால் பாதி வேலை குறையும்.

உள்துணிக்கு, ஒரு பழைய தலையணை உறையின் அகலம் பொருந்துமானால், அதைப் பிரிக்காமலே உள்ளே இறக்கி, மூலைகளை மட்டும் வெளித்துணியைப்போல் 10 சென்டிமீட்டருக்குக் கட்டி, வாயில் அளவாக வெட்டிச் சேர்த்துவிடலாம். மெத்தையுறை, கால்சட்டை ஆகியவற்றின் ஜிப்புகளையும், சட்டையின் பித்தான் பட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டால் பையின் வாயை மூடுவதற்கு எதையும் தேட வேண்டியதில்லை.

உங்கள் கையில் இருக்கும் இரண்டு பைகளையும் எறிந்துவிடாதீர்கள். கைப்பிடி பிய்ந்த பையை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெடுக்காக மங்கல் கோடுகள் தெரிந்து, இழுத்தால் கிழிந்தால், அந்தத் துணியை உள்ளே விரிப்புத் துணியோடு இணைகோட்டுத் தையலிட்டு அடுக்காக்கி, வெளியே ஜீன்ஸ் நாடா வளையம் கொடுத்து மீண்டும் கட்டுங்கள். கிழியாமல் நின்றால், பிய்ந்த வாய்ப்பகுதியை மட்டும் 6 சென்டிமீட்டர் வெட்டி நீக்கி, ஜீன்ஸ் பட்டை வைத்து வாயைப் புதுப்பித்தாலே போதும். பையின் உயரம் சற்றுக் குறையும், அவ்வளவே. அடி தொங்கிய பையைக் கீழ்த் தையலில் வெட்டித் திறந்து, உருக்குலைந்த பகுதியை நீக்கிவிட்டு, ஜீன்ஸ் காலின் முழங்காலுக்குக் கீழ்ப் பகுதியிலிருந்து அடித்துண்டு ஒன்றை வெட்டி இரு முகங்களிலும் 8 சென்டிமீட்டர் உயரம் ஏறுமாறு பொருத்துங்கள். ஒரு காலின் அகலம் போதாவிட்டால் இரு கால்களின் துண்டுகளை இணைத்துக்கொள்ளுங்கள், அந்த இணைப்பைப் பக்கங்களிலிருந்து விலக்கி நடுவில் வையுங்கள். அதன் பிறகு மூலைகளைப் பெட்டியாகக் கட்டி, வீட்டில் இருக்கும் கனமான பொருள்களை நிரப்பி, ஒரு கொக்கியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் தையல் ஓரங்களை விரித்துப் பார்த்து, ஊசித் துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருக்கும் இடங்களில் மட்டும் பின்னால் ஓர் அடுக்கைக் கூட்டித் தைத்துவிட்டு, பையைப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.